சுவரில் புது வாசல் திறக்குமுன்

பினாங்கில், கெலுகோரின் மின்டன் ஹைட்ஸ், ஐலண்ட் கிளேட்ஸ் பக்கத்துப் பழைய வரிசை வீடுகளில் சமையலறையைப் பெரிதாக்க சுவரை உடைத்து வாசல் திறப்பது சாதாரண வேலை. பேச்சு பெரும்பாலும் கதவையும் நிலையையும் சுற்றியே நடக்கும். மரம் செங்காலா மெராந்தியா என்று அலசுவார்கள். ஆனால் நிலை தாங்குவது கதவை மட்டும்தான். சுவரைத் தாங்குவது, வாசலுக்கு மேலே குறுக்காகப் பூச்சுக்குள் மறைந்திருக்கும் லிண்டல் என்ற விட்டம். அமெரிக்க யூடியூப் காணொளிகளை நம்பி இறங்குவோர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். அங்கே வீட்டுச் சுவர் பெரும்பாலும் மரச்சட்டம். வாசலின் இருபுறமும் சட்டங்களைச் சேர்த்து நட்டு, மேலே குறுக்குக்கட்டை ஏற்றுகிறார்கள். நம் சுவரோ செங்கல், அல்லது சிமெண்டுக் கல்.

கல் சுவருக்கு ஒரு நல்ல குணம் உண்டு. கற்களை இணைப்பு மாற்றி அடுக்கியிருப்பதால், கீழே திறப்பு விழுந்தாலும் மேற்சுமை வளைவுபோல இருபுறமும் ஒதுங்கி இறங்கிவிடும். லிண்டல்மேல் உட்காருவது ஒரு முக்கோணத் துண்டுதான். 900 மில்லிமீட்டர் வாசலுக்கு, 60 பாகைச் சாய்வில் கணக்கிட்டால் அதன் உயரம் சுமார் 780 மில்லிமீட்டர். அரைக்கல் சுவரில் எடை ஏறக்குறைய 80 கிலோ. ஓர் ஆளின் எடை, அவ்வளவே! அந்த முக்கோணத்துக்குள் மாடித் தளமோ உத்தரமோ வந்து உட்கார்ந்துவிட்டால் கணக்கு டன்னுக்குத் தாவும். ஒதுங்கும் சுமை இறங்கவும் இடம் வேண்டும். ஆகவே சுவர் முடியும் இடத்தை ஒட்டி வாசல் வைப்பது ஆபத்து. லிண்டலின் இரு முனையும் குறைந்தது 150 மில்லிமீட்டர் சுவர்மேல் அமர வேண்டும் என்பதும் இதனால்தான்.

"எங்களுடையது கான்கிரீட் தூண் வீடு, சுவர் வெறும் நிரப்பு" என்பார்கள். பல வரிசை வீடுகளுக்கு இது சரியே. அங்கும் லிண்டல் வேண்டும், ஆனால் வீடு சாயாது. எல்லா அடுக்குமாடிக்கும் இது பொருந்தாது. 1960களின் கடைசியில் ஆயர் ஈத்தாமில் எழுந்த ரைபிள் ரேஞ்ச் குடியிருப்பு, முன்வார்ப்புக் கான்கிரீட் பலகைகளைப் பொருத்திக் கட்டியது. இத்தகைய கட்டடங்களில் சுவரே தூண். லண்டனின் ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் கட்டடமும் இந்த வகைதான். 1968 மே 16 அன்று 18ஆம் மாடியில் எரிவாயு வெடித்துச் சுவர்ப் பலகைகள் பெயர்ந்தன. அந்த மூலை முழுவதும் அடுக்கடுக்காகச் சரிந்து நால்வர் இறந்தனர். உங்கள் சுவர் வெறும் நிரப்பா, சுமை தாங்குவதா என்பதைக் கையால் தட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சத்தம் பொருளைச் சொல்லும், சுமையைச் சொல்லாது.

"பக்கத்து வீட்டில் உடைத்தார்கள், ஒன்றும் ஆகவில்லையே" என்பது அடுத்த வாதம். எந்தக் கட்டடத்திலும் தேவைக்கு மேல் கொஞ்சம் வலிமை சேர்த்தே வடிவமைப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் செலவழித்தது அந்தச் சேமிப்பை. உங்கள் சுவரில் அது எவ்வளவு மிச்சம் என்பதற்கு அவர் வீடு சாட்சியாகாது. மூல வரைபடத்தை ஒரு கட்டமைப்புப் பொறியாளரிடம் காட்டுங்கள். பினாங்கு மாநகர் கழகத்தின் அனுமதியை வாங்கிய பிறகு சுத்தியலை எடுங்கள்.