வீட்டு வைஃபை: வசதியும் வேண்டும், காவலும் வேண்டும்

வீட்டு வைஃபையைப் படம் பார்க்க மட்டும் வைத்திருப்பவர்கள் அதன் பயனில் பாதியைக்கூடப் பெறுவதில்லை. அலமாரியில் கிடக்கும் பழைய ஸ்மார்ட்ஃபோன், ஒரு செயலியை ஏற்றினால் தொட்டிலைக் கண்காணிக்கும் கேமராவாகிவிடும். ரவுட்டரில் யூஎஸ்பி வசதி இருந்தால் ஹார்டு டிஸ்க்கைச் செருகிவிட்டு, கல்யாண வீடியோவை வீட்டார் எல்லோரும் அவரவர் ஃபோனிலேயே பார்க்கலாம். அதற்கு இணைய இணைப்பே தேவையில்லை. முட்டி வலியுள்ள பெரியவர், எலக்ட்ரீஷியன் பொருத்திக் கொடுத்த வைஃபை ஸ்விட்ச் இருந்தால், தண்ணீர் மோட்டாரை உட்கார்ந்த இடத்திலிருந்தே அணைக்கலாம்.

ஆனால் புதிதாகச் சேரும் ஒவ்வொரு கருவியும் வீட்டுக்கு இன்னொரு வாசல். எல்லா வாசலுக்கும் பூட்டு வேண்டும்.

பூட்டாவிட்டால் என்ன ஆகும்?

2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் வசித்த அமெரிக்கர் ஒருவரின் பாதுகாப்பற்ற வைஃபை வழியே அனுப்பப்பட்டிருந்தது. போலீஸ் முதலில் போய் நின்றது அவர் வீட்டில்தான். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ, முதல் கேள்வி அவருக்கே.

2016இல் 'மிராய்' என்ற தீநிரல், தயாரிப்பாளர் வைத்த பாஸ்வேர்டையே மாற்றாமல் விட்டிருந்த கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் கைப்பற்றியது. அந்த ஆண்டு அக்டோபரில் நடந்த தாக்குதலில் ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் போன்ற தளங்கள் பலருக்கும் மணிக்கணக்கில் கிடைக்காமல் போயின. கருவிகளின் சொந்தக்காரர்களில் பெரும்பாலோருக்கு எதுவும் தெரியாது.

செய்ய வேண்டியவை

• வைஃபை பாஸ்வேர்டு வேறு, ரவுட்டர் அமைப்புகளுக்குள் நுழையும் அட்மின் பாஸ்வேர்டு வேறு. இரண்டையும் மாற்றுங்கள்.
• பாதுகாப்பு முறையில் டபிள்யூபிஏ3, அது இல்லையென்றால் டபிள்யூபிஏ2 தேர்ந்தெடுங்கள். பாஸ்வேர்டு தராமலே ஒரு பொத்தானிலோ பின் எண்ணிலோ கருவிகளை இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடுங்கள்.
• விருந்தினர், கேமரா, ஸ்விட்ச் எல்லாவற்றையும் 'கெஸ்ட் நெட்வொர்க்'கில் தனியாக வையுங்கள். பேங்க் வேலை பார்க்கும் ஃபோன் முதன்மை இணைப்பில் இருக்கட்டும்.
• ரவுட்டர், கேமரா மென்பொருளை அவ்வப்போது புதுப்பியுங்கள்.
• படுக்கையறையிலும் குளியலறைப் பக்கமும் கேமரா வேண்டாம். வேலைக்கு வருபவர்களிடம் கேமரா இருப்பதைச் சொல்லிவிடுங்கள். அது அவர்களுக்கு நாம் தர வேண்டிய மரியாதை.

சட்டம் தரும் பாதுகாப்பு

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 66ஆம் பிரிவின்படி, கெட்ட நோக்கோடு அனுமதியின்றி உங்கள் நெட்வொர்க்கில் நுழைவது குற்றம்; மூன்றாண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒருவரின் அந்தரங்க உறுப்புகளைச் சம்மதமின்றிப் படமெடுப்பதும் பரப்புவதும் 66இ பிரிவின்படி குற்றம்.

இணைய மோசடியில் பணம் பறிபோனால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள். முந்தினால் பணத்தை முடக்கி மீட்க வாய்ப்பு உண்டு. மற்ற சைபர் குற்றங்களுக்கு தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளம் இருக்கிறது. திரையில் தெரிவதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், எதையும் அழிக்காதீர்கள்.

இணைய நிறுவனத்தின் சேவை மோசமென்றால் புகார் எண் கேட்டு வாங்குங்கள். தீராவிட்டால் அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐயும் அழைக்கலாம். தொலைத்தொடர்புச் சேவைக் குறைகளை நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆகவே குறைபாட்டைச் சகித்துக்கொண்டு மாதக் கட்டணம் கட்ட வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.