ஆனோடு எது, கேத்தோடு எது?

ஆனோடு என்றால் பிளஸ், கேத்தோடு என்றால் மைனஸ் என்று மனப்பாடம் செய்தவர்கள் டேனியல் மின்கலத்தில் தடுக்கி விழுவார்கள். 1836-ல் ஜான் ஃபிரெடெரிக் டேனியல் உருவாக்கிய கலம் அது. வகுப்பறை வடிவத்தில் துத்தநாகத் தகடு துத்தநாக சல்ஃபேட் கரைசலிலும், செம்புத் தகடு காப்பர் சல்ஃபேட் கரைசலிலும் நிற்கும். இரண்டையும் உப்புப் பாலம் இணைக்கும். துத்தநாகம் எலெக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனியாகக் கரைகிறது. அந்த எலெக்ட்ரான்கள் கம்பி வழியே செம்புத் தகட்டை அடைய, கரைசலிலுள்ள செம்பு அயனிகள் அவற்றை வாங்கிக்கொண்டு தகட்டில் படிகின்றன.

எலெக்ட்ரான் இழப்பு, அதாவது ஆக்சிஜனேற்றம், நடக்குமிடம் ஆனோடு. எலெக்ட்ரான் ஏற்பு, அதாவது ஒடுக்கம், நடக்குமிடம் கேத்தோடு. இங்கே துத்தநாகம்தான் ஆனோடு. ஆனால் மைனஸ் முனை! கலத்தை இணைக்கும் முன்பே எது ஆனோடு என்று சொல்லிவிடலாம். திட்ட ஒடுக்க மின்னழுத்தம் துத்தநாகத்துக்கு −0.76 வோல்ட், செம்புக்கு +0.34 வோல்ட். குறைந்த மதிப்புள்ளது ஆனோடு, வித்தியாசமான 1.10 வோல்ட் கலத்தின் மின்னழுத்தம்.

செம்பைச் சுத்திகரிக்கும் தொட்டியில் குறி மாறிவிடும். அங்கே வினை தானாக நடப்பதில்லை. வெளி மின்சாரம் அசுத்தச் செம்பிலிருந்து எலெக்ட்ரான்களை இழுக்கிறது. ஆகவே ஆனோடான அது பிளஸ் முனையோடு இணைந்திருக்கும். அதிலுள்ள, கரையாத தங்கமும் வெள்ளியும் அடியில் சேறாகத் தங்குவது ஆலைக்கு உபரி வரவு.

வேடிக்கையெல்லாம் இன்வெர்ட்டருக்குப் பயன்படும் ஈய-அமில பேட்டரியில்தான். மின்தடையின்போது அது விளக்கை எரிக்கையில், மைனஸ் பக்கத்து ஈயம் எலெக்ட்ரானை இழக்கிறது, அது ஆனோடு. பிளஸ் பக்கத்து ஈய டையாக்சைடு கேத்தோடு. இரண்டு தகடுகளிலும் ஈய சல்ஃபேட் படிகிறது. கரன்ட் வந்து சார்ஜ் ஏறத் தொடங்கியதும் வினைகள் தலைகீழாகின்றன. பிளஸ் பிளஸாகவே இருக்கிறது. ஆனால் இப்போது அதுதான் ஆனோடு! குறியை நம்பினால் பாதி நேரம் தப்பாகிவிடும்.

செல்போன் பேட்டரித் துறையினர் இந்தக் குழப்பத்தைச் சுருக்கமாக முடித்துவிட்டார்கள். மின்சாரம் தரும் நிலையை மட்டும் கணக்கில் கொண்டு, கிராஃபைட் பக்கத்தை எப்போதும் ஆனோடு என்கிறார்கள், சார்ஜரில் செருகியிருக்கும்போதும்கூட. வேதியியல்படி கறாராகப் பார்த்தால் அது சரியில்லை, தொழிலுக்குச் சௌகரியம்.