பழைய துப்பாக்கி வாங்குமுன் குழலைப் பாருங்கள்

மலையடிவாரத்தில் நிலக்கடலை, மக்காச்சோளம், மரவள்ளி பயிரிடும் விவசாயிகள் பலர் இரவுக் காவலுக்கு ஒரு துப்பாக்கி இருந்தால் நல்லது என்று எண்ணுகின்றனர். புதியது வாங்க வசதி இல்லாதபோது, ஊரில் ஒரு பெரியவர் வைத்திருந்த பழைய துப்பாக்கி விலைக்கு வருகிறது. "தாத்தா காலத்துச் சாமான், இன்று இப்படிச் செய்ய ஆளில்லை" என்று சொல்லி விற்பார்கள். பம்புசெட் பழுதானால் தண்ணீர் நிற்கும்; துப்பாக்கி பழுதானால் கையும் கண்ணும் போகும். ஆகவே பழைய துப்பாக்கியின் மதிப்பு அதன் வயதிலோ வேலைப்பாட்டிலோ இல்லை, பாதுகாப்பில்தான் இருக்கிறது.

எது ஏற்றது?

ரிவால்வர் வாங்கலாமா என்று சிலர் கேட்கின்றனர். பயிர்க் காவலுக்கு அது உதவாது. குழல் குட்டை, தூரத்தில் குறி நிற்காது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் பயிர்ப் பாதுகாப்புக்கென்று சொல்வது, குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியையே. அது போதாது என்று உரிமம் வழங்கும் அதிகாரி கருதினால், 20 அங்குலத்துக்குக் குறையாத வழவழப்பான குழல் கொண்ட தோட்டாத் துப்பாக்கிக்கு உரிமம் தரலாம். உரிமத்தில் எஸ்.பி.எம்.எல். என்றிருந்தால் ஒற்றைக்குழல் மருந்து கெட்டிக்கும் வகை, டி.பி.பி.எல். என்றிருந்தால் இரட்டைக்குழல் தோட்டா வகை.

முதலில் காகிதம்

வாங்குபவர் கையில் உரிமம் இருக்க வேண்டும். விற்பவர், யாருக்கு விற்கிறார் என்று பெயர், முகவரியுடன் மாவட்ட ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்து மூலம் தெரிவித்து, 45 நாட்கள் கழிந்த பிறகே கைமாற்றலாம். குழலில் வெட்டியுள்ள எண்ணும் உரிமத்தில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். எண்ணை அரம் போட்டு அழித்திருந்தால் தொடவே வேண்டாம்.

உரிமம் வைத்திருந்தவர் இறந்துவிட்டால், உரிமம் இல்லாத வாரிசுகள் துப்பாக்கியை வீட்டில் வைத்துக்கொண்டு விலை பேசக் கூடாது. தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் சிறைக்கு வழி.

உள்ளே மருந்து இருக்கிறதா?

துப்பாக்கியை உரிமம் பெற்ற வியாபாரியின் கடையில், விற்பவர் முன்னிலையில் சோதிப்பது நல்லது. முதல் வேலை, அது காலியாக உள்ளதா என்று பார்ப்பது. தோட்டா வகையை மடக்கித் திறந்தால் தெரிந்துவிடும். மருந்து கெட்டிக்கும் வகையில் தெரியாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மலையடிவார ஊரில், பரணில் கிடந்த துப்பாக்கியை ஒரு விவசாயி என்னிடம் காட்டினார். "பதினைந்து வருஷமாக யாரும் தொடவில்லை ஐயா, வெறுங்குழல்தான்" என்றார். கெட்டிக்கும் கோலைக் குழலுக்குள் விட்டு, வாயருகே அடையாளமிட்டு, வெளியே எடுத்துக் குழலின் மேல் வைத்துப் பார்த்தோம். கோல் முனை, கேப்பு வைக்கும் இடத்துக்கு மூன்று விரற்கடை முன்னாலேயே நின்றது. உள்ளே மருந்தும் ரவையும் அப்படியே இருந்தன. பேரப் பிள்ளைகள் விளையாடும் வீடு அது!

கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் பல ஆண்டுகள் ஆனாலும் வெடிக்கும். அளவு குறைந்தால் நீங்களே குத்தி எடுக்க முயல வேண்டாம். வாயை ஆளில்லாத பக்கம் திருப்பி வைத்து, துப்பாக்கி செப்பனிடுவோரிடம் விட்டுவிடுங்கள்.

குழல் சோதனை

தேர்தல் சமயத்தில் காவல் நிலையத்தில் மாதக்கணக்கில் எண்ணெயின்றிக் கிடக்கும் துப்பாக்கிகள் பல. துரு முதலில் தின்பது குழலின் உட்புறத்தைத்தான். காலி என்று உறுதி செய்தபின், தோட்டா வகையில் குழலைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்.

1. உள்ளே அம்மைத் தழும்பு போலக் குழிகள் இருந்தால் இரும்பு மெலிந்துவிட்டது என்று பொருள். மருந்து வெடிக்கும் பின்பகுதியில் குழி இருந்தால் வாங்கக் கூடாது.

2. உள்ளே வளையம் போல நிழல் தெரிந்தால் குழல் புடைத்திருக்கிறது. வெளியே விரலால் தடவினாலும் தெரியும். அடுத்த வெடியில் அங்கேதான் கிழியும்.

3. இரட்டைக்குழலைத் தொங்கவிட்டு, விரல் மொட்டியால் தட்டுங்கள். மணி போல ஒலித்தால் நல்லது. உடைந்த பானை போல ஒலித்தால் இரு குழல்களையும் இணைக்கும் பட்டை விட்டிருக்கிறது.

4. குழலின் மேல் பாய் பின்னியது போல அலைக்கோடுகள் தெரிந்தால், அது இரும்புப் பட்டைகளை முறுக்கிச் சேர்த்த டமாஸ்கஸ் குழல். கருமருந்துக் காலத்துக்கு உரியது. இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டாவை அதில் போடக் கூடாது.

5. புதிதாகக் கறுப்பேற்றிப் பளபளப்பாக இருந்தால் மயங்க வேண்டாம். மெருகு, குழியையும் பற்றவைப்பையும் மறைக்கும். பற்றவைத்த குழலை ஒதுக்கிவிடுங்கள்.

பூட்டும் குதிரையும்

தோட்டா வகையைப் பூட்டி, முன்கட்டையைக் கழற்றிவிட்டு, பின்கட்டையைப் பிடித்து ஆட்டுங்கள். கடகடவென்றால் கீல் தேய்ந்திருக்கிறது. குழலுக்கும் பின்சுவருக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தால் சுடுபவர் முகத்துக்கே ஆபத்து.

குதிரையை முழுக்க இழுத்து நிறுத்தி, விசையைத் தொடாமல் கட்டைவிரலால் குதிரையை முன்னே தள்ளுங்கள். விழுந்தால் உள்பற்கள் தேய்ந்துவிட்டன. வரப்பில் கால் தடுக்கினால் வெடிக்கும் துப்பாக்கி அது. மருந்து கெட்டிக்கும் வகையில் கேப்பு வைக்கும் முனையின் துளை அகன்றிருந்தால் தீ பின்னோக்கி வரும். அந்த முனையை மாற்ற வேண்டும்.

தோட்டாப் பொருத்தம்

பழைய 12 நம்பர் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறை இரண்டரை அங்குலமே. இன்று கிடைப்பது பெரும்பாலும் இரண்டே முக்கால் அங்குலம். சுடுமுன் வாய் மடிந்திருப்பதால் நீளத் தோட்டாவும் உள்ளே போகும். வெடிக்கையில் வாய் விரிய இடமின்றி அழுத்தம் ஏறும். அறையை அளக்கச் சொல்லி அதற்கேற்ற தோட்டாவையே வாங்குங்கள். 20 நம்பர் தோட்டா தவறி 12 நம்பர் குழலுக்குள் நழுவி அடைத்துக்கொண்டு, பின்னால் இன்னொன்றைப் போட்டுச் சுட்டால் குழல் சிதறும். இரண்டு அளவையும் ஒரே வீட்டில் வைக்க வேண்டாம்.

விலை பேசுவது

குழலில் குறை இருந்தால் பேரமே வேண்டாம். அதன் மதிப்பு பழைய இரும்பின் மதிப்புத்தான். கட்டை விரிசல், தளர்ந்த ஆணி, வலுக்குறைந்த வில் போன்றவை செப்பனிடத்தக்கவை. அதற்கு ஆகும் கூலியைக் கேட்டறிந்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள். சித்திர வேலைப்பாட்டுக்கும் சீமைப் பெயருக்கும் கூடுதல் பணம் கொடுப்பது சேகரிப்போர் வேலை, விவசாயிக்குத் தேவையில்லை. வாங்கியபின் முதல் வெடியைத் தோளில் வைத்துச் சுட வேண்டாம். செப்பனிடுவோரிடம் கொடுத்து, துப்பாக்கியைக் கட்டி வைத்து, தொலைவிலிருந்து கயிறு இழுத்துச் சுட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

பயிர்ப் பாதுகாப்பு உரிமம் விலங்குகளைக் கொல்லத் தரும் அனுமதி அன்று. மயில், யானை, காட்டுப்பன்றி ஆகியவை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளவை. வெடிச்சத்தம் எழுப்பி விரட்டுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

வீட்டில் துப்பாக்கியைக் காலியாகவே வைத்துப் பூட்டுங்கள். தோட்டாவும் மருந்தும் வேறிடத்தில், வேறு பூட்டில் இருக்கட்டும். இரண்டு சாவியும் உங்கள் இடுப்பில் இருக்கட்டும். ஒரு பருவ விளைச்சல் போனால் மறு பருவம் எடுத்துக்கொள்ளலாம். ஒரு பிள்ளையின் உயிர் அப்படி அன்று.