கன்னியா வெந்நீரூற்றுகள்

கன்னியா வெந்நீரூற்றுகள் இலங்கையின் திருகோணமலை நகரிலிருந்து ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. சதுர வடிவில் கட்டப்பட்ட 7 சிறு கிணறுகள் அருகருகே இருந்தும், ஒவ்வொன்றின் சூடும் சற்று வேறுபடும். இங்கு எரிமலை இல்லை. நிலத்தினுள் ஆழமாக இறங்கும் மழைநீர் புவியின் உட்சூட்டால் வெப்பமடைந்து, பாறைப் பிளவுகள் வழியே மேலேறுகிறது. கிணறுகள் ஆழமற்றவை, எனவே உள்ளே இறங்காமல் வாளியால் மொண்டு குளிப்பதே வழக்கம்.

தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் வாளால் நிலத்தைக் குத்தி இவற்றைத் தோற்றுவித்தான் என்பது ஐதிகம். அதனால் தமிழ் இந்துக்கள் இறந்தோருக்கான கிரியைகளை இங்கு செய்வது மரபு. இங்கிருந்த பிள்ளையார் கோயிலின் அடித்தளத்தில் பௌத்தக் கட்டுமானம் எழுப்பும் முயற்சியை எதிர்த்து 2019 ஜூலையில் தமிழர்கள் போராடினர். அம்மாதமே திருகோணமலை மேல் நீதிமன்றம் அப்பணிக்கு இடைக்காலத் தடை விதித்தது.