மூட்டு வலிக்கு டப்பா மாத்திரை... காசு கரையுது, வலி கரையுதா?

ராசிங்காபுரம்: விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்களில் பலருக்கு 50 வயதைத் தொட்டாலே முட்டி வலிதான். சரிவில் ஏறி இறங்கி, செடிக்கு அடியில் குத்தவைத்து காய் எடுத்தால் மூட்டு என்னாகும்?

குருத்தெலும்பு தேய்வதுதான் இந்த நோய். அதை வளர்க்கும் என்று சொல்லி விற்கிறார்கள் குளுக்கோசமைன், காண்ட்ராய்டின் மாத்திரைகளை. அமெரிக்காவில் 1,583 பேரை வைத்துச் சோதித்து, 2006-ல் முடிவு வந்தது. இதைச் சாப்பிட்டவர்களுக்கும் மருந்தே இல்லாத வெத்து மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் மொத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வேடிக்கை என்னன்னா, வெத்து மாத்திரையிலேயே 100-க்கு 60 பேர் வலி குறைந்ததாகச் சொன்னார்கள்! 'பக்கத்து வீட்டு அக்காவுக்கு கேட்டுச்சே' என்பதன் ரகசியம் இதுதான்.

குளுக்கோசமைன் பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டில் இருந்து எடுப்பது. அது ஒத்துக்காதவர்கள் உஷார். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது, ரத்தக்கசிவு அபாயம் உண்டு.

பிரண்டைத் துவையல், முடக்கத்தான் தோசை? தாராளமா சாப்பிடுங்க. தேய்ந்தது வளரும்னு மட்டும் நம்பாதீங்க.

நிஜமாகவே பலன் தருவது தொடைத் தசைப் பயிற்சி. நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, 5 வினாடி நிறுத்தி இறக்கணும். உடம்பு எடை குறைந்தாலும் வலி குறையும். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபியும் இருக்கு, காசு கிடையாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்க.