மார்க் இருந்தும் நழுவும் சட்டக் கல்லூரி சீட்டு

பி.யு.சி. ரிசல்ட் வந்த கையோடு மைசூரில் ஒரு ஓட்டம் தொடங்கும். ஜாதிச் சான்றிதழுக்கு வருவாய்த் துறையின் நாட கச்சேரி, ஸ்டடி சர்டிஃபிகேட்டுக்குப் பழைய பள்ளிக்கூடம், ஆதாரில் பெயர் திருத்த சேவை மையம், கணக்கை உயிர்ப்பிக்க வங்கி. சட்டம் படிக்க ஆசைப்படும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இந்த ஓட்டம் பெரும்பாலும் தாமதமாகத்தான் தொடங்குகிறது. மார்க் குறைந்து சீட்டை இழந்தவரைப் பார்த்தால் பரிதாபம் வரும். மார்க் இருந்தும் ஒரு காகிதம் இல்லாமல் இழந்தவரைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது.

ஆண்டுதோறும் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது மூன்று வகை. முதலாமவர், இரண்டு தவணை கட்டணம் கட்டிய பிறகுதான் அந்தக் கல்லூரிக்கு இந்திய பார் கவுன்சில் அனுமதி இருக்கிறதா என்று விசாரிக்கிறார். இரண்டாமவர், ஒன்றாம் வகுப்பிலிருந்து மைசூரிலேயே படித்திருந்தும் கிளாட் நுழைவுத் தேர்வு விண்ணப்பத்தில் ‘கர்நாடக மாணவர்’ என்ற இடத்தைத் தொடாமல் விட்டுவிடுகிறார். “நாம தமிழ் ஆளுங்க, அதெல்லாம் நமக்கு இல்லப்பா” என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். மூன்றாமவருக்கு ஸ்காலர்ஷிப் சாங்ஷன் ஆகிவிட்டது. ஆனால் பணம், ஐந்தாம் வகுப்பில் திறந்து எப்போதோ முடங்கிப்போன வங்கிக் கணக்கைத் தேடிப் போய்த் திரும்பிவிட்டது.

இரண்டு வழிகள்

மைசூரு மாணவருக்கு முதல் வழி கிளாட் எனும் தேசிய நுழைவுத் தேர்வு. பெங்களூரு நாகரபாவியில் உள்ள தேசிய சட்டப் பள்ளி முதல் திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம் வரை இதில்தான் போக வேண்டும். இரண்டாவது வழி, ஹூப்ளியைத் தலைமையிடமாகக் கொண்டு 2009 முதல் இயங்கும் கர்நாடக மாநில சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் உள்ளூர்க் கல்லூரிகள். சாரதா விலாஸ், வித்யாவர்தக, ஜே.எஸ்.எஸ். எல்லாம் இந்த வகை. இவற்றில் சேர நுழைவுத் தேர்வு இல்லை, மதிப்பெண்தான் கணக்கு. இவை போக, மானசகங்கோத்ரியில் மைசூரு பல்கலைக்கழகமே நடத்தும் சட்டப் படிப்பும் உண்டு.

ஐந்தாண்டுப் படிப்புக்கு பி.யு.சி. அல்லது பிளஸ் டூவிலும், மூன்றாண்டுப் படிப்புக்குப் பட்டப்படிப்பிலும் பொதுப்பிரிவினர் 45 சதவீதம் வாங்கியிருக்க வேண்டும். பிற்படுத்தப்பட்டோருக்கு 42, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 40. இது பார் கவுன்சில் விதித்த குறைந்தபட்சம். இதைத் தாண்டிவிட்டாலே சீட் உறுதி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டிய கடிதம்

கல்லூரியின் கட்டடத்தையும் பேருந்து வசதியையும் பார்க்கும் பெற்றோர், அனுமதிக் கடிதத்தை மட்டும் கேட்க மாட்டேன் என்கிறார்கள். அதைக் கேட்டால் சீட் தர மறுத்துவிடுவார்களோ என்று தயக்கம். தயங்க ஒன்றுமே இல்லை. அந்தக் கடிதத்தில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். அனுமதி எந்தப் படிப்புக்கு, மூன்றாண்டுக்கா ஐந்தாண்டுக்கா? எத்தனை பிரிவுகளுக்கு? எந்தக் கல்வியாண்டு வரைக்கும்? ஒரு படிப்புக்கு அனுமதி வாங்கிக்கொண்டு இன்னொன்றுக்கும் ஆள் சேர்த்தால் அகப்படுவது மாணவர்தான். கல்லூரி காட்டும் நகலோடு நிறுத்தாமல், பார் கவுன்சில் இணையதளத்தில் உள்ள பட்டியலிலும் பெயரைத் தேட வேண்டும். அந்தப் பட்டியலைப் பார்க்க எளிதாக வைத்தால் பாதித் தொல்லை தீரும். பார் கவுன்சிலுக்கு அதில் அவசரம் இருப்பதாகத் தெரியவில்லை.

“அனுமதி வந்துகொண்டிருக்கிறது, முதல் செமஸ்டருக்குள் வந்துவிடும்” என்று எங்காவது சொன்னால் வெளியே வந்துவிடலாம். புதிய சட்டக் கல்லூரிகளுக்கு 2025 ஆகஸ்டில் பார் கவுன்சில் மூன்றாண்டுத் தடை போட்டிருக்கிறது. இருக்கும் கல்லூரிகளும் அதன் முன் அனுமதி இல்லாமல் புதுப் பிரிவோ புதுப் படிப்போ தொடங்க முடியாது.

வேலைக்குப் போகிறவர்களைக் குறிவைக்கும் வலை வேறு. “வாரக் கடைசியில் வந்தால் போதும்”, “தபாலில் எல்.எல்.பி.” என்பவை எல்லாம் அதில் சேர்த்தி. வழக்கறிஞராகப் பதிவு செய்ய உதவும் தபால்வழி எல்.எல்.பி. இந்தியாவில் கிடையாது. பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகள், பாடத்துக்குப் பாடம் 70 சதவீத வருகையைக் கேட்கின்றன. அனுமதி இல்லாத படிப்பை முடித்தவரைக் கர்நாடக மாநில பார் கவுன்சில் பதிவு செய்யாது. ஐந்து வருடமும் பல லட்சமும் போனபின் இது தெரிந்து பயன் இல்லை.

பட்டம் எங்கே வாங்கியது என்பதும் மூன்றாண்டுப் படிப்பில் சேர்பவரை மாட்டிவிடும். இதற்கு மைசூரே சாட்சி. முக்தகங்கோத்ரியில் உள்ள கர்நாடக மாநில திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கு 2013-14 முதல் அங்கீகாரம் இல்லை என்று யு.ஜி.சி. 2015 ஜூனில் அறிவித்தது. 2018-19 கல்வியாண்டு முதல்தான் திரும்பக் கொடுத்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் சேர்ந்தவர்கள் தலையில் கை வைத்தார்கள். அந்தப் பட்டத்தோடு சட்டம் படிக்க நினைப்பவர், கட்டணம் கட்டுமுன் தன் பட்டம் செல்லுமா என்று சட்டப் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேட்டுப் பதிலையும் எழுத்தில் வாங்க வேண்டும். கவுன்டரில் இருப்பவர் தலையாட்டினால் அது பதில் ஆகாது. பிளஸ் டூ படிக்காமல் நேரடியாகத் திறந்தநிலைப் பட்டம் வாங்கியவருக்கு பார் கவுன்சில் விதிப்படி சட்டப் படிப்பில் இடமே இல்லை.

‘கர்நாடக மாணவர்’ என்றால் யார்?

பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி, கர்நாடக மாணவர்களுக்கு 25 சதவீதம் கிடைமட்ட ஒதுக்கீடு வைத்திருக்கிறது. 2020-இல் மாநில அரசு இதற்காகக் கொண்டுவந்த சட்டத் திருத்தத்தை அதே ஆண்டு செப்டம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு பள்ளியே தன் திட்டத்தின்படி இந்த ஒதுக்கீட்டை ஏற்றுக்கொண்டது. தகுதி ஒன்றே ஒன்றுதான்: கர்நாடகத்தில் உள்ள அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்களில் 10 ஆண்டுகளுக்குக் குறையாமல் படித்திருக்க வேண்டும். தாய்மொழி என்ன, தாத்தா எந்த ஊர் என்று கேட்பதில்லை. மைசூரில் பள்ளிப்படிப்பு முழுவதையும் முடித்த தமிழ்ப் பிள்ளைக்கும் இது உரிமை.

அந்த உரிமையை விண்ணப்பம் போடும்போதே கோர வேண்டும். கிளாட் வழக்கமாக டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை நடக்கிறது. விண்ணப்பம் அதற்கு முன்பே மூடிவிடும். பி.யு.சி. ரிசல்ட் வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்பவர் ஒரு வருடத்தைத் தொலைத்தவர். படித்த பள்ளிகள் இரண்டு மூன்று என்றால் ஒவ்வொன்றிலும் ஸ்டடி சர்டிஃபிகேட் வாங்கி, வட்டாரக் கல்வி அதிகாரியின் மேலொப்பமும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. மூடிப்போன பள்ளி என்றால் பதிவேட்டை அந்த அதிகாரியின் அலுவலகத்தில்தான் தேட வேண்டியிருக்கும். ஒரு நாளில் கிடைத்துவிடாது.

கவுன்சலிங்கில் இன்னொரு குழி இருக்கிறது. கிடைத்த இடமே போதும் என்றால் ‘ஃப்ரீஸ்’. இதை வைத்துக்கொண்டு மேலே கிடைக்குமா என்று பார்க்க ‘ஃப்ளோட்’. வேண்டாம் என்றால் ‘எக்ஸிட்’. இதில் எதையும் தேர்ந்தெடுக்காமலோ பணம் கட்டாமலோ கெடுவைத் தவறவிட்டால், கவுன்சலிங்கிலிருந்தே வெளியே போக வேண்டியதுதான்.

ஜாதிச் சான்றிதழும் 1950-ம்

மைசூருத் தமிழர் குடும்பங்கள் அதிகம் இடறுவது இங்கேதான். தமிழ்நாட்டுத் தாசில்தார் கொடுத்த சான்றிதழை வைத்துக் கர்நாடக மாநில ஒதுக்கீட்டைக் கேட்க முடியாது. ஒருவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் பட்டியல் சாதித் தகுதி அவரோடு அந்த மாநில ஒதுக்கீட்டுக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 1990-இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் சொல்லிவிட்டது. ஆதி திராவிடர் என்ற பெயர் இரண்டு மாநிலப் பட்டியலிலும் இருக்கிறதே என்று வாதிட்டுப் பயனில்லை. குடும்பத்தின் நிரந்தர வசிப்பிடம் 1950 ஆகஸ்ட் 10 அன்று எந்த மாநிலத்தில் இருந்தது என்பதைத்தான் அதிகாரி பார்ப்பார்.

எனவே அதற்கு முன்பே மைசூரில் குடியேறிய குடும்பங்கள் தாத்தாவின் பள்ளிப் பதிவேடு, வேலைப் பதிவேடு, வீட்டுப் பத்திரம் எதுவானாலும் பழையதைத் தேடி எடுக்க வேண்டும். பின்னால் வந்தவர்கள் சொந்த மாநிலத் தகுதியை மத்திய ஒதுக்கீட்டு இடங்களுக்குப் பயன்படுத்தலாம்.

நாட கச்சேரியில் விண்ணப்பம் கொடுத்ததும், குறித்த நாளுக்குள் சேவை தரச் சொல்லும் சகாலா சட்டப்படி ஜி.எஸ்.சி. எண் போட்ட ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். சீட்டு இல்லாமல் “அடுத்த வாரம் வாங்க” என்றால் நகரவே கூடாது. அந்த எண் இருந்தால்தான் தாமதத்துக்கு மேல்முறையீடு. நாளுக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500 ரூபாய் இழப்பீடும் உண்டு. தொகை சிறிதுதான். ஆனால் அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால் கோப்பு நகர்கிறது.

ஸ்காலர்ஷிப் எங்கே தட்டுகிறது

கர்நாடக அரசின் உதவித்தொகைகள் பெரும்பாலும் எஸ்.எஸ்.பி. எனும் மாநில ஸ்காலர்ஷிப் தளத்தின் வழியாகத்தான் வருகின்றன. அரசு விடுதியில் இடம் கிடைக்காத பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவருக்கு 10 மாதம் உதவி தரும் வித்யாசிரியும் அதில் ஒன்று. ஜாதி, வருமானச் சான்றிதழ்களில் ‘ஆர்.டி.’ என்று தொடங்கும் எண்தான் இங்கே சாவி. அந்த எண்ணைப் போட்டதும் தளம் பெயரை ஆதாரோடு ஒப்பிடும்.

இங்கேதான் நம் இனிஷியல் வம்பு. எஸ்.எஸ்.எல்.சி. மார்க்ஷீட்டில் ‘டி. கவிதா’, ஆதாரில் ‘கவிதா தங்கவேல்’, கன்னடத்தில் அடித்த வருமானச் சான்றிதழில் அப்பா பெயர் ‘தங்கவேலு’. வீட்டுக்கு ஒரே ஆள். கம்ப்யூட்டருக்கு மூன்று ஆள். மார்க்ஷீட்டை மாற்றுவது பெரும்பாடு. அதில் உள்ளபடியே ஆதாரையும் சான்றிதழ்களையும் திருத்திக்கொள்வதுதான் வழி. அதையும் ரிசல்ட்டுக்கு முன்பே முடிக்க வேண்டும்.

அடுத்தது வங்கி. கணக்கில் ஆதார் எண்ணைக் கொடுத்திருப்பது வேறு, அரசுப் பணம் வர ஆதாரைக் கணக்கோடு ‘சீடிங்’ செய்திருப்பது வேறு. கடைசியாக எந்தக் கணக்கில் சீடிங் ஆனதோ அதற்குத்தான் பணம் போகும். வங்கியில் “லிங்க் ஆகியிருக்கிறது” என்று சொன்னால் திரும்பி வந்துவிடாமல், “அரசு மானியம் வர சீடிங் ஆகியிருக்கிறதா?” என்று கேட்க வேண்டும். திரும்பவும் சொல்கிறோம்: லிங்க் வேறு, சீடிங் வேறு.

விண்ணப்பம் அனுப்பிவிட்டால் வேலை முடியவில்லை. ஆவணங்களைக் கல்லூரியில் உள்ள அதிகாரி மின்னணு முறையில் சான்றொப்பம் செய்ய வேண்டும். அங்கே தூங்கும் விண்ணப்பங்கள் ஏராளம். வாரம் ஒருமுறை தளத்தில் நிலையைப் பார்த்துக் கல்லூரி அலுவலகத்தை நச்சரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மத்திய அரசின் தேசிய ஸ்காலர்ஷிப் தளத்தில் இரண்டு திட்டங்களைத் தவறவிடக் கூடாது. பிளஸ் டூவில் தன் வாரியத்தின் முதல் 20 சதவீதத்துக்குள் வந்து, குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் ஆண்டுக்கு 12,000 ரூபாய். ஐந்தாண்டுப் படிப்பின் கடைசி இரண்டு ஆண்டுகளுக்கு 20,000. பட்டியல் சாதி மாணவருக்கு, வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், தேசிய சட்டப் பள்ளிகள் உள்ளிட்ட பட்டியல் நிறுவனங்களில் முழுக் கட்டணத்தையும் தரும் உயர்தரக் கல்வித் திட்டம். கிளாட் பயிற்சிக்கே காசில்லாத மாணவருக்கு, பேராசிரியர் ஷாம்நாத் பஷீர் 2010-இல் தொடங்கிய ‘இடியா’ அமைப்பு பயிற்சியும் உதவியும் தருகிறது.

கட்டிய பணம் திரும்ப வருமா?

2024 டிசம்பர் 1 அன்று நடந்த கிளாட் தேர்வின் விடைக்குறிப்பு வழக்குகள் 2025 மே 7 வரை உச்ச நீதிமன்றத்தில் இழுத்தன. இப்படிக் காத்திருக்க நேர்பவர்கள் உள்ளூரில் ஒரு சீட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதில் தப்பில்லை. விலகினால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று யு.ஜி.சி. 2018-லேயே சொல்லியிருக்கிறது. சேர்க்கையின் கடைசித் தேதி என்று அறிவித்த நாளுக்கு 15 நாள் முன்னதாக எழுதிக் கொடுத்தால் முழுத் தொகை, சிறு பிடித்தம் போக. அதற்குப் பின் 90, 80, 50 சதவீதம் என்று இறங்கி, கடைசித் தேதிக்கு 30 நாள் கழிந்தால் ஒன்றுமில்லை. ஆகவே “விலகுகிறேன்” என்ற கடிதத்தில் தேதியும், அலுவலக முத்திரையுடன் பெற்றுக்கொண்ட கையெழுத்தும் கட்டாயம் இருக்க வேண்டும். அசல் மார்க்ஷீட்டையும் டி.சி.யையும் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ள உரிமை இல்லை; சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும்.

தர மறுத்தால் முதலில் கல்லூரியின் மாணவர் குறைதீர் குழு. 2023 விதிகளின்படி அது 15 வேலை நாளில் முடிவு சொல்ல வேண்டும். பிடிக்காவிட்டால் அடுத்த 15 நாளில் பல்கலைக்கழக ஓம்பட்ஸ்மனிடம் மேல்முறையீடு செய்யலாம். கூடவே யு.ஜி.சி.யின் ஈ-சமாதான் தளத்திலும் புகார் போடலாம். வழக்குவரை போக வேண்டியிருந்தால், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு இல்லாமலே இலவச வழக்கறிஞர் தருவது மாவட்டச் சட்ட சேவைகள் ஆணையத்தின் கடமை. போகும்போது ரசீது, விண்ணப்ப நகல், விலகல் கடிதம், கல்லூரியின் பதில் நான்கையும் எடுத்துப் போக வேண்டும். கடிதத்தை வாங்கவே கல்லூரி மறுத்திருந்தால், அதே கடிதத்தை அன்றைக்கே ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, அந்த ரசீதை நான்காவது காகிதமாக வைத்துக்கொள்ளலாம்.