தரவுப் பதிவேடுகளில் நேரப் பிணக்கு

காலம் ஒன்றே, அதனை அளக்கும் வழக்குகள் பல. ஞாயிறு உச்சியடையும் வேளையே நண்பகலெனின், கற்பிட்டியில் மணிக்கூடு பன்னிரண்டு காட்டிச் சராசரியாகப் பதினொரு நிமிடம் கழிந்த பின்னரே நண்பகலாகும். ஊருக்கொரு நேரம் கொள்ளின் தந்தியும் புகையிரதமும் செவ்வனே இயங்கா. ஆதலின் 1906இல் கிறீனிச்சு நேரத்தினும் ஐந்தரை மணி முந்திய நேரம் இலங்கைக்குப் பொதுவாயிற்று.

அது பின்னர் மாறாது நிலைத்ததுமன்று. 1996இல் மழை பொய்த்து நீர்மின் குன்றியபோது, மே 25இல் மணிக்கூடுகள் ஒரு மணி முன்தள்ளப்பட்டன. ஒக்டோபர் 26இல் அரை மணி பின்னிழுக்கப்பட்டன. 2006 ஏப்பிரல் 15இல் பழைய கணக்கே மீண்டது.

இம்மாற்றங்கள் கணினிப் பதிவேடுகளை ஆராய்வோர்க்குப் பெரும் இடர் தருவன. கற்பிட்டிக் கரையில் ஒருநாட் காலை நான்கு மணி முதல் ஏழு மணி வரை இறக்கப்படும் மீனின் நிறை, உலகப்பொதுநேரப்படி தரவுத்தளத்திற் பதியப்படுவதாகக் கொள்க. ஐந்தரை மணிக்கு முன் இறங்கியது முந்திய நாட்கணக்கிற் சேரும். பின் இறங்கியது அந்நாட்கணக்கிற் சேரும். ஒரே காலையின் மீன்பாடு இரண்டாய்ப் பிளவுறும். அதனைக் கொண்டு கூலியோ கடல்வளமோ கணிப்பின் பிழையே விளையும். நுரைச்சோலை அனல்மின் நிலையம் போன்றதோரிடத்தில், ஒரு கருவி உலகப்பொதுநேரத்தையும் மற்றொன்று இலங்கை நேரத்தையும் எழுதின், காரியம் முன்னும் காரணம் பின்னுமாய்த் தோன்றுதல் கூடும். பழுதற்ற கருவியே அப்போது பழிசுமக்கும்.

2006 ஏப்பிரல் 15 நள்ளிரவு கழிந்து அரை மணியானதும் மணிக்கூடுகள் மீண்டும் பன்னிரண்டுக்குத் திருப்பப்பட்டமையால், அவ்வரை மணி இருமுறை நிகழ்ந்தது. அவ்விரவு 00:10 எனும் பதிவு, உலகப்பொதுநேரத்தில் முந்திய நாள் 18:10 ஆகவும் இருக்கலாம். 18:40 ஆகவும் இருக்கலாம். நேர வேறுபாட்டளவு உடனெழுதப்படாவிடின் துணிதல் அரிது.

இதற்குப் பரிகாரம் மூன்று. முதலாவது, யாவற்றையும் உலகப்பொதுநேரத்திற் சேமித்து, எழுதிய கருவியின் நேர வேறுபாட்டையும் உடன் குறித்தல். இரண்டாவது, அறிக்கையின் நாளெல்லையை முதலில் வரையறுத்தல்: இலங்கையின் இன்றைய ஒருநாள், உலகப்பொதுநேரத்தில் முந்திய நாள் 18:30 முதல் அந்நாள் 18:30 வரையுள்ளதாகும். மூன்றாவது, பழைய பதிவுகளுக்கு ஐந்தரை மணியை வாளா கூட்டாது, ‘ஆசியா/கொழும்பு’ எனும் நேரவலயப் பெயரால் மாற்றுதல். அப்பெயரின்கீழ் மேற்கூறிய மாற்றங்கள் யாவும் ஆண்டு, நாள், நாழிகையுடன் தொகுக்கப்பட்டுள்ளன. ஐந்தரையே கூட்டின், 1996 முதல் 2006 வரையிலான பதிவுகள் அரை மணியோ ஒரு மணியோ பிழைபடும்.

மாற்றம் படிப்போர்க்குக் காட்டும் இறுதிப் படியில் ஒருமுறையே நிகழ்தல் வேண்டும். இருமுறை நிகழின் திருத்தமே பிழையாகும். எண் பிழையாதிருந்தும் நேரம் பிழைத்தால் அறிக்கை பொய்யாதலின், எந்நேரம் என்பதோடு எவ்விடத்து நேரம் என்பதையும் எழுதுதல் பதிவாளர் கடனாம்.